240 நாள் முடிந்தால் பெர்மனெண்டா? லீவு, வேலைநீக்க விதிகள்: ஓர் எளிய விளக்கம்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு விடும் நேரத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் மூன்று பேச்சு காதில் விழும். "240 நாள் முடிச்சிட்டா கம்பெனி நம்மளை அசைக்க முடியாது." "லீவு குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்." "ஒரு மாசச் சம்பளத்தைக் கையில குடுத்தா யாரை வேணும்னாலும் அனுப்பிடலாம்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் தொல்லையே. முழுப் பொய்யாக இருந்திருந்தால் இதற்குள் யாராவது திருத்தியிருப்பார்கள்.

லீவு ஒரு விஷயம், வேலையை விட்டு அனுப்புவது வேறு விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நீங்கள் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்ற கணக்கு. எத்தனை நாள் லீவு, எத்தனை நாள் நோட்டீஸ், எவ்வளவு இழப்பீடு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

பால் அட்டையும் வருகைப் பதிவும்

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் மாடு வைத்திருக்கும் வீடுகளில் பால் சொசைட்டி அட்டை ஒன்று இருக்கும். காலையும் மாலையும் ஊற்றும் பாலின் அளவு அதில் ஏறிக்கொண்டே வரும். அந்தப் பதிவுக்கு இரண்டு வேலை உண்டு. பட்டுவாடா நாளில் ஊற்றிய பாலுக்குக் காசு. போனஸ் தரும் சங்கமாக இருந்தால், ஆண்டு முழுக்க ஊற்றிய மொத்த அளவுக்குத் தீபாவளிக்கு ஒரு தொகை. நடுவில் மாட்டை விற்றுவிட்டால்கூட அதுவரை ஊற்றிய பாலுக்கு வரவேண்டியது வந்தாக வேண்டும்.

கம்பெனியில் நீங்கள் வைக்கும் வருகைப் பதிவும் அதே மாதிரிதான். அன்றைய பதிவுக்கு அந்த மாதச் சம்பளம். ஆண்டு மொத்தத்துக்குச் சம்பளத்தோடு லீவு. பல ஆண்டு மொத்தத்துக்கு நோட்டீஸ், இழப்பீடு, பணிக்கொடை. நடுவில் வேலை போனாலும், நீங்களே விட்டாலும், அதுவரை சேர்ந்தது உங்களுடையது. ஒப்புமையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பால் சங்கத்தில் உறுப்பினரை என்கொயரி வைத்து நீக்கும் கதை வேறு.

உங்களுக்கு எந்தச் சட்டம்?

நம் ஊரில் லீவுச் சண்டைகளில் பாதி, தனக்குப் பொருந்தாத சட்டத்தைப் பேசுவதால் வருகிறது. அக்கா ஜவுளிக்கடையில், தம்பி தொழிற்சாலையில், மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம். மூன்று பேருக்கும் விதி வேறு வேறு.

தொழிற்சாலை என்றால் மத்திய அரசின் சட்டங்கள்தான் முதன்மை. பல காலம் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் இவற்றின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 29 மத்தியச் சட்டங்களைச் சுருக்கி நான்காக்கியிருக்கிறார்கள். சில எண்கள் மாறின, சில அப்படியே தொடர்கின்றன. டீக்கடைப் பேச்சில் இன்னும் பழைய எண்கள்தான் ஓடுகின்றன.

கடை, ஓட்டல், தனியார் அலுவலகம், ஃபைனான்ஸ், மென்பொருள் நிறுவனம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. இது மாநிலச் சட்டம். அந்த 29-இல் இது கிடையாது. இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று திருத்தம் வந்தது இதே சட்டத்தில்தான்.

எல்லை விஷயம் ஓசூர்க்காரர்களுக்கு முக்கியம். ஜூஜூவாடியைத் தாண்டி பொம்மசந்திராவுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ தினமும் போய் வருபவர், வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும் கர்நாடக மாநில விதிக்குள்தான் வருவார். வேலை நடக்கும் இடம்தான் கணக்கு; ஆதார் முகவரி அல்ல. அதனால்தான் நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவ நாளில், ஒரே தெருவில் ஒருவர் வீட்டில் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் சிப்காட் பேருந்தில் ஏறிக்கொண்டிருப்பார். கீழே சொல்லும் மாநில விதிகள் எல்லாம் தமிழ்நாட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு.

இன்னொன்று. இந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் 'தொழிலாளி' என்று சட்டம் வரையறுக்கும் ஆளுக்குத்தான். மேலாளர் அதில் வரமாட்டார். புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரும் வரமாட்டார். ஆனால் பெயரை மட்டும் 'எக்ஸிகியூட்டிவ்' என்று மாற்றி, மெஷினில் நிற்க வைத்திருந்தால், பெயரைவிட செய்யும் வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

சுருக்கமாக: முதலில் வேலை நடக்கும் இடத்தைப் பாருங்கள், அப்புறம் தொழிற்சாலையா கடையா என்று பாருங்கள், அதற்கப்புறம்தான் எண்கள்.

தொழிற்சாலையில் லீவு எப்படிச் சேர்கிறது

ஈ.எல். என்று சொல்கிறோமே, அது ஈட்டிய விடுப்பு. வேலை செய்து சம்பாதித்த லீவு. 20 நாள் வேலைக்கு 1 நாள் என்பது கணக்கு. ஆண்டில் 260 நாள் வேலை செய்தவருக்கு 13 நாள்.

இந்த லீவு கிடைக்க ஓர் ஆண்டில் குறைந்தது இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று ஒரு வாசற்படி உண்டு. பழைய சட்டத்தில் அது 240 நாள். புதிய தொகுப்பில் 180. 200 நாள் வேலை செய்தவருக்குப் பழைய கணக்கில் ஒன்றுமில்லை; இப்போது 10 நாள். டிசம்பரில் எச்.ஆர். மேஜையில் 240 என்று சொன்னால், எந்தச் சட்டத்தின் 240 என்று கேட்கலாம்.

எடுக்காத ஈ.எல்.-ஐ அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கிறது: நீங்கள் லீவு கேட்டு கம்பெனி மறுத்திருந்தால், மறுத்த நாட்களுக்கு அந்த 30 நாள் உச்சவரம்பு கிடையாது. ஆனால் கேட்டதற்குச் சாட்சி வேண்டும். சூப்பர்வைசரிடம் போகிற போக்கில் "அண்ணா, பொங்கலுக்கு நாலு நாள்" என்றது எங்கும் பதிவாகாது. தாளில் எழுதுங்கள், இல்லை ஆப்பில் போடுங்கள், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. அந்தப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. உடம்பு சரியில்லை என்றால் அத்தனை நாள் முன்னே எப்படித் தெரியும்? அதற்கு விலக்கு இருந்தது.

சனி லீவு, திங்கள் லீவு, நடுவில் வந்த ஞாயிற்றையும் சேர்த்து மூன்று நாளாகப் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தொழிற்சாலையின் ஈ.எல்.-க்கு இது செல்லாது. இடையில் வரும் விடுமுறை நாளோ, தொடக்கத்திலோ முடிவிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் விடுமுறை நாளோ லீவுக் கணக்கில் சேராது என்று சட்டமே சொல்கிறது.

இப்போது கிருஷ்ணகிரிக்கே உரிய ஒரு கேள்வி. மாம்பழ சீசனில் கூழ் தொழிற்சாலைகளில் சில மாதம் மட்டும் வேலை செய்பவர்களுக்கு லீவு உண்டா? 180 நாள் எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். வாசற்படியைத் தாண்டாவிட்டாலும், ஆண்டின் நடுவில் வேலையை விட்டு அனுப்பினாலோ, தானே விலகினாலோ, அதுவரை செய்த நாட்களுக்கு 20-க்கு 1 என்ற வீதத்தில் லீவுச் சம்பளம் தர வேண்டும். பழைய சட்டத்திலும் இது இருந்தது, புதியதிலும் இருக்கிறது. 80 நாள் கூழ் பிழிந்தவருக்கு 4 நாள் கூலி கூடுதலாக வர வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

கடையில் வேலை செய்பவருக்கு

தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே உடல்நலக் குறைவுக்கு 12 நாள் வரை, தகுந்த காரணத்துக்குத் தற்செயல் விடுப்பாக (சி.எல்.) 12 நாள் வரை, இரண்டும் சம்பளத்தோடு உண்டு. 12 மாதம் முடித்தபின், அடுத்த 12 மாதத்தில் இன்னும் 12 நாள் விடுமுறை. இந்தக் கடைசி 12-ஐ மட்டும் சேர்த்து வைக்கலாம், 24 நாள் வரை. மற்ற இரண்டும் அந்தந்த ஆண்டோடு போய்விடும்.

ஆக, கடை ஊழியருக்கு ஆண்டுக்கு 36 நாள் வரை வாய்ப்பு இருக்கிறது. தொழிற்சாலைக்காரருக்குச் சட்டப்படி உறுதியானது ஈ.எல். மட்டும். அங்கே சி.எல். கிடைக்கிறது என்றால் அது நிலையாணையாலோ ஒப்பந்தத்தாலோ கிடைப்பது. நிலையாணை என்பது கம்பெனியின் எழுதப்பட்ட பணி விதிகள். அரசு அதிகாரியின் சான்று பெற்றது. எங்கள் ஊரில் கடை வேலைக்குப் போகிற பெண்களிடம் இந்த 36 நாள் கணக்கைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆடி தள்ளுபடி நேரத்தில் வாரவிடுமுறையே கிடைக்காத இடத்தில் 36 நாளா என்று. சட்டம் இருக்கிறது என்பதும் கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல, சரி. ஆனால் பின்னால் பார்க்கப்போகிற இறுதிக் கணக்கில் இந்த எண்கள் வேலைக்கு வரும்.

பண்டிகை, நோய், பேறுகாலம்

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாளும், கூடவே ஐந்து பண்டிகை நாளும், மொத்தம் 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஐந்து எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யுகாதி பட்டியலில் வருமா என்பது ஆண்டுதோறும் நடக்கிற பேச்சு. இந்த 9 நாளில் எதிலாவது வேலைக்கு அழைத்தால் இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும் தர வேண்டும். தேர்தலில் வாக்களிக்கும் நாளும் சம்பளத்தோடு விடுமுறைதான்; அது வேறு சட்டம்.

நோய்க்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் உள்ளவர்கள் இதில் வருவார்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாக வரும். அதைத் தருவது இ.எஸ்.ஐ. கழகம், கம்பெனி அல்ல. இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு சிகிச்சையில் இருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது. இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்று இந்த இடத்தில் வேலையையே காப்பாற்றும். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பவர்கள் இதை இழக்கிறார்கள்.

பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். அந்தக் காலத்திலும் வேலைநீக்கம் செல்லாது.

சுருக்கமாக: ஈ.எல். நீங்கள் சம்பாதித்தது, பண்டிகை விடுமுறை மாநிலம் தந்தது, நோய்க்கால உதவி உங்கள் இ.எஸ்.ஐ. பிடித்தத்தால் வருவது. மூன்றையும் ஒரே 'லீவு' என்று போட்டுக் குழப்பினால் எச்.ஆர்.-க்குத்தான் வசதி.

240 என்ற எண்ணின் கதை

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். 240 நாள் முடிந்தால் நிரந்தரமா? இல்லை.

240 என்ற எண் சட்டத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, மேலே பார்த்த லீவு வாசற்படி. அது இப்போது 180 ஆகிவிட்டது. இரண்டாவது, தொடர் பணி. முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஓராண்டு தொடர்ந்து பணியில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது. இது புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. இதன் பலன் நிரந்தரம் அல்ல. ஆட்குறைப்பு செய்யும்போது நோட்டீஸும் இழப்பீடும் தந்துதான் அனுப்ப வேண்டும் என்ற பாதுகாப்பு.

இரண்டையும் எண்ணும் விதமும் வேறு. தொடர் பணிக்கான 240-இல் சம்பளத்தோடு கிடைக்கும் வாரவிடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. லீவுக்கான கணக்கில் ஞாயிறு சேராது. "நீ 225 நாள்தான் வேலை செய்திருக்கிறாய்" என்று ஒருவரை அனுப்பும்போது, சம்பளத்தோடு வந்த ஞாயிறுகளைச் சேர்த்தால் அவர் 240-ஐத் தாண்டியிருப்பார். இந்தக் கூட்டல் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

நிரந்தரத்துக்கு உண்டான எண் 480. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர் பணி முடித்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. கட்டுமான வேலை இதில் வராது. நோய், அனுமதி பெற்ற லீவு, விபத்து, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றது ஆகியவை தொடர்ச்சியைக் கெடுக்காது. இது தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால், பெங்களூர்ப் பக்கம் போய் 480 என்று பேசிப் பயனில்லை.

இதனால்தான் 'பிரேக்' வந்தது. ஏழெட்டு மாதம் வைத்துக்கொண்டு, சில வாரம் வீட்டுக்கு அனுப்பி, மறுபடி புது அட்டை போட்டு எடுப்பது. நிரந்தரச் சலுகைகளைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் அந்த நோக்கத்தை நிரூபிப்பது தொழிலாளி தலையில் விழுகிறது. ஒவ்வொரு முறை சேர்ந்த தேதியும் நிறுத்திய தேதியும் கையில் இருந்தால் அந்தச் சுமை பாதியாகக் குறையும்.

கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவருக்கும் லீவு, நோட்டீஸ் எல்லாம் உண்டு. தர வேண்டியவர் கான்ட்ராக்டர். அவர் கூலியைத் தராமல் ஓடிவிட்டால், வேலை வாங்கிய கம்பெனி தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் இதே விதிதான். அப்ரண்டிஸ் மட்டும் வேறு. அவர் சட்டத்தின் கண்ணில் பயிற்சியாளர்.

வேலை போகும் வழிகள்

முதல் வழி ஆட்குறைப்பு. தொழிலாளி மேல் எந்தக் குற்றமும் இல்லை, கம்பெனிக்கு ஆள் அதிகம். ஓராண்டு தொடர் பணி முடித்தவருக்கு, காரணம் எழுதிய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேல் மீதி இருந்தால் அதுவும் ஓர் ஆண்டாகும். ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டும். 300 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள தொழிற்சாலை அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 100 பேராக இருந்தது. சிப்காட்டின் நடுத்தரக் கம்பெனிகள் பல இந்த 100-க்கும் 300-க்கும் நடுவில் இருக்கின்றன என்பதால், இந்த மாற்றம் இங்கே காகிதத்தோடு நிற்காது.

கடைச் சட்டத்தில் கணக்கு வேறு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் அனுப்பக்கூடாது. இரண்டும் வேண்டும். "ஒரு மாசச் சம்பளம் குடுத்தாச்சு, போ" என்பதில் பாதிதான் இருக்கிறது, காரணம் எங்கே? அந்த ஆறு மாதத்துக்கு முன்பு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழி ஒழுங்கு நடவடிக்கை. திருட்டு, அடிதடி, வேலையில் அலட்சியம் என்று குற்றச்சாட்டு. இங்கே நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் விசாரணை தேவை. என்ன குற்றம் என்று எழுதிய மெமோ தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். உள்விசாரணை வைத்து சாட்சிகளைக் கேட்க வேண்டும், தொழிலாளி அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதற்கப்புறம்தான் முடிவு. செக்யூரிட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு "நாளையிலிருந்து வராதே" என்பது விசாரணை ஆகாது.

விசாரணை முடியும்வரை சஸ்பெண்டு செய்தால் பிழைப்பூதியம் உண்டு. பிழைப்பூதியம் என்றால் சஸ்பெண்டில் இருக்கும்போது வயிற்றுப்பாட்டுக்குத் தரும் தொகை. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம், அடுத்து 180 நாள் வரை 75 சதவீதம், அதற்கும் மேல் இழுத்தால் முழு ஊதியம்.

மூன்றாவது வழிதான் லீவையும் வேலைநீக்கத்தையும் முடிச்சுப்போடுவது. சொல்லாமல் நின்றுவிடுவது. பென்னாகரத்திலோ அரூரிலோ ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் பத்து நாள் கழித்து வருகிறார். கேட்டில் உள்ளே விடவில்லை. லீவு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை மேல் உள்ள உரிமை போய்விடும் என்ற மாதிரி வரி பல நிலையாணைகளில் இருக்கிறது. அதைக் காட்டி "நீயே வேலையை விட்டுவிட்டாய்" என்பார்கள். அப்படி ஒரு வரி இருந்தாலும் விளக்கம் கேட்காமல், வாய்ப்புத் தராமல் பெயரை நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கேட்டில் மறித்த அன்றே, "நான் வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ அனுப்பியவர் கை ஓங்கியிருக்கும். ஊருக்குத் திரும்பிப் போய் மூன்று மாதம் கழித்து வந்தால் அவர் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

நான்காவது, ராஜினாமா. பல வேலைநீக்கங்கள் இந்த வேடத்தில்தான் வருகின்றன. எச்.ஆர். அறையில் உட்கார வைத்து, "எழுதிக் குடுத்துட்டா நல்லபடியா ரிலீவிங் லெட்டர் தர்றோம்" என்பார்கள். கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் நோட்டீஸ், இழப்பீடு, விசாரணை மூன்றும் கைவிட்டுப் போகும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று பின்னால் நிரூபிக்க முடியும், ஆனால் படாத பாடு பட வேண்டும். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று எழுந்து வர யாருக்கும் உரிமை உண்டு.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, அந்தத் தேதி முடிந்து புதுப்பிக்காவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆகவே நியமனக் கடிதத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா என்று சேரும் அன்றே பாருங்கள். புதிய தொகுப்பின்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம்.

கையில் எவ்வளவு வர வேண்டும்

சூளகிரிப் பக்கத்து ஆலை ஒன்றில் 6 ஆண்டு 8 மாதம் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். மொத்த ஊதியம் 18,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000.

எட்டு மாத மீதி ஆறைத் தாண்டுவதால் 7 ஆண்டாகும். 15 நாள் ஊதியம் ஏறத்தாழ 9,000. ஏழு ஆண்டுக்கு 63,000. நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு 18,000. அடுத்து பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு உரியது. 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஏழு ஆண்டுக்கு 52,500. இதோடு எடுக்காத ஈ.எல்., அந்த மாதம் செய்த வேலைக்கான சம்பளம், ஓ.டி. பாக்கி. ஒன்றரை லட்சத்தை நெருங்கும் தொகை. இந்த இடத்தில்தான் "மொத்தமா நாப்பதாயிரம் வாங்கிக்கோ" என்று ஒரு காகிதம் நீட்டப்படும். குறிப்பிட்ட கால ஒப்பந்தக்காரருக்குப் புதிய தொகுப்பில் பணிக்கொடைக்கு ஓராண்டு போதும்.

நீக்கினாலும், நீங்களே ராஜினாமா செய்தாலும், ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. பணிக்கொடைக்கு 30 நாள். "45 நாள் ஆகும், அதுதான் பாலிசி" என்பது கம்பெனி வழக்கம், சட்டம் அல்ல. படிப்புச் சான்றிதழ்களின் அசலை அடமானம் போலப் பிடித்து வைக்கவும் எந்தத் தொழிலாளர் சட்டமும் அனுமதி தரவில்லை.

எங்கே போவது, எதை எடுத்துப்போவது

தொழிற்சாலையில் லீவு, பண்டிகை விடுமுறை பிரச்சினை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஓசூர் அலுவலகம். கடை, ஓட்டல் என்றால் அந்தந்த மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். வேலையை விட்டு நீக்கிய வழக்கு முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகும். 45 நாளில் முடியாவிட்டால் தொழிலாளியே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சங்கம் கூட வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய சட்டத்தில் இதற்கு 3 ஆண்டு அவகாசம் இருந்தது, புதியதில் 2 ஆண்டு.

எடுத்துப்போக வேண்டியவை நியமனக் கடிதம், அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், மெமோ ஏதும் இருந்தால் அது. சம்பளச் சீட்டில் 'வேலை நாள்' என்ற கட்டத்தை ஒவ்வொரு மாதமும் பாருங்கள். 26 நாள் வேலை செய்த மாதத்துக்கு 22 என்று போட்டு, மீதி நாலை ஊக்கத்தொகை என்ற பெயரில் தருவது உண்டு. கைக்கு வரும் பணம் ஒன்றுதான் என்று விட்டால், 240-உம் 480-உம் அங்கேயே கரைந்துவிடும்.

கடைச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அது நீக்க உத்தரவு உங்கள் கையில் கிடைத்த தேதியிலிருந்து ஓடும். தபாலில் வந்திருந்தால் உறையையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். தேதிக்குச் சாட்சி அதன் மேல் உள்ள முத்திரைதான்.